காப்பும் மணிக்கூடும் கிற்றாரும்

கிற்றார் வாசிப்பவர் ஒருவர் மேடையில் ஏறினால் எல்லோருடைய கண்களும் அவரது விரல்களுக்குப் போகும். எனது கண் அவரது மணிக்கட்டுக்குப் போகும். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் காலம் தள்ளிய ஒருவனுக்கு இப்படியான பழக்கங்கள் வந்து சேருவது இயல்பு. கூட்டங்களில் பேச்சாளரின் வாயைப் பார்ப்பதை விட அவருக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்களின் முகங்களைப் பார்த்தே நாம் செய்தியைப் பிடித்தோம். அதே கண்தான் இசை நிகழ்ச்சிக்கும் கூடவே வருகிறது. வாசிப்பவரின் கையில் மணிக்கூடு இருக்கிறதா, மோதிரம் இருக்கிறதா, அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாரா என்று பார்ப்பேன். அவர் எந்த வழியில் வந்தவர் என்பதை அதிலிருந்தே ஓரளவு ஊகித்துவிடலாம்.

மேற்கத்திய சாஸ்திரிய கிற்றார் பயின்றவர்கள் பெரும்பாலும் வெறுங்கையுடன் வருவார்கள். மேடையில் நின்று மின்சாரக் கிற்றார் வாசிப்பவர்களோ கையில் உள்ளதை எல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு வருவார்கள். இது அற்ப விடயம் என்று சிலர் நினைக்கக்கூடும். நானும் இதனை ஒரு வேடிக்கையாகவே பார்த்து வந்தேன். எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வி எழுந்து, மூன்று வாரங்கள் ஒரு பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே பேச்சு வார்த்தை குறைந்துபோனபோதுதான் இதற்குள் எவ்வளவு விடயங்கள் அடங்கியிருக்கின்றன என்று புரிந்தது. அந்தக் கதைக்கு வருமுன் கிற்றாரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும்.

கிற்றாரின் முகப்பலகைதான் அதன் குரல். ஸ்ப்ரூஸ் அல்லது சிடார் போன்ற மென்மையான மரங்களில் செய்யப்படும் அந்தப் பலகையின் தடிப்பு ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீற்றர் வரைதான். அதன் மேல் பூசப்படும் மெருகு ஒரு தாளின் தடிப்புக்கு மேல் இருந்தால் ஒலி மங்கிவிடும் என்பதால் நல்ல கைவினைஞர்கள் அதை இயன்றளவு மெல்லியதாகவே பூசுவார்கள். உயர்தரச் சாஸ்திரிய கிற்றார்களில் பிரெஞ்சு பொலிஷ் என்ற முறை இன்றும் கைக்கொள்ளப்படுகிறது. மரத்திலே சிறு பூச்சிகள் சுரக்கும் அரக்கை மதுசாரத்தில் கரைத்து, துணியில் தோய்த்து, கையாலேயே நாட்கணக்காகத் தேய்த்து ஏற்றும் மெருகு அது. பார்க்க அழகானது. ஆனால் வியர்வை பட்டாலே மங்கும். அமெரிக்காவில் செய்யப்பட்ட பழைய கிற்றார்களில் நைட்ரோசெலுலோஸ் லக்கர் பூசினார்கள். சில வகை றப்பர்ப் பட்டிகளும் வைனில் பட்டிகளும் நீண்ட நாட்கள் அதில் சாய்ந்திருந்தாலே அந்த மெருகு இளகி ஒட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட ஒரு பொருளின் மேல் உருக்கு மணிக்கூட்டுடன் ஒரு கை சாய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாசிப்பவரின் வலது முன்கை பலகையின் மேல் விளிம்பில்தான் ஓய்வு கொள்கிறது. பாட்டின் ஒவ்வொரு தாளத்துக்கும் அந்தக் கை மேலும் கீழும் அசைகிறது. ஒரு பாடலில் சில நூறு தடவைகள். மணிக்கூட்டின் விளிம்போ கைச்சங்கிலியின் கொளுக்கியோ அதில் ஒவ்வொரு தடவையும் படாவிட்டாலும், பத்துத் தடவைக்கு ஒரு தடவை பட்டாலே போதும். ஒரு வருடத்தில் அந்த இடத்தில் மெருகு போய் மரம் தெரியும்.

இடது கையின் பிரச்சினை வேறு. அங்கே கிற்றாருக்கு வரும் சேதத்தை விடக் கைக்கு வரும் தொந்தரவுதான் அதிகம். ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் முறையைப் ‘பார்’ பிடித்தல் என்பார்கள். புதிதாகப் பழகுபவர்களை அழ வைப்பது அதுதான். அதற்காக மணிக்கட்டு உட்புறமாக வளைய வேண்டும். மணிக்கூட்டுப் பட்டியின் கொளுக்கி இருப்பதோ அதே உட்புறத்தில். விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அந்தப் பக்கமாகத்தான் கைக்குள் நுழைகின்றன. இறுக்கமான பட்டி ஒன்று அந்த இடத்தை அழுத்திக்கொண்டிருக்க, விரல்கள் சுதந்திரமாக ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. உருக்குப் பட்டியுடன் கூடிய பெரிய மணிக்கூடு ஒன்று 150 கிராம் வரை நிறையுடையது. ஒரு மணித்தியாலம் கையை உயர்த்தியபடி வாசிப்பவருக்கு அந்த 150 கிராம் சிறிய விடயமன்று.

காப்புகளின் கதை இன்னும் சுவையானது. இடது கையில் விரல்கள் மேலேயும் முழங்கை கீழேயும் இருக்கும். ஆகவே காப்பு முழங்கைப் பக்கமாகச் சரிந்து, கை தடிக்கும் இடத்தில் நின்றுவிடும். வலது கையில் இது தலைகீழ். முழங்கை மேலே, விரல்கள் கீழே. காப்பு வழுக்கி வந்து புறங்கையில் தங்கி, தந்திகளுக்கும் பலகைக்கும் மேலே ஊஞ்சலாடும். ஒன்றுக்கு இரண்டு காப்புகள் இருந்தால் அவை தம்முள்ளும் பேசிக்கொள்ளும். ஒலிப்பதிவுக் கூடத்து ஒலிவாங்கிக்கு அந்தப் பேச்சு மிகத் தெளிவாகவே கேட்கும். அமைதியான அறையில், மரக் கிற்றாருக்கு மிக அருகே வைக்கப்படும் நுண்ணிய ஒலிவாங்கி சட்டைப் பொத்தான் உரசுவதைக்கூட விட்டுவைப்பதில்லை.

மின்சாரக் கிற்றாருடன் வேறொரு விடயமும் உண்டு. தந்திகளின் அதிர்வை மின்னாக மாற்றும் ‘பிக்கப்’ என்ற உறுப்பினுள் காந்தங்கள் இருக்கின்றன. அவற்றை விட வலிமையான காந்தம் ஒலிபெருக்கிப் பெட்டியினுள் இருக்கிறது. சாவி கொடுத்து ஓடும் பழைய வகை மணிக்கூட்டினுள் இருக்கும் மெல்லிய சுருள்வில் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மணிக்கூடு வேகமாக ஓடத் தொடங்கும். கிற்றாரின் காந்தம் இதைச் செய்யும் வாய்ப்புக் குறைவு. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் மணிக்கூட்டைக் கழற்றி ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் வைப்பவர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அவர்கள் அடுத்த நாள் வேலைக்கு நேரத்துக்கு முன்பே போய்ச் சேரக்கூடும்.

இவ்வளவு கேடும் உண்டென்றால் உலகப் புகழ் பெற்ற கலைஞர்கள் ஏன் கழற்றவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புளூஸ் இசையின் பேரரசராகக் கொண்டாடப்பட்டு 2015 மே மாதத்தில் மறைந்த பி. பி. கிங், மோதிரமும் மணிக்கூடும் அணிந்தே வாசித்தார். அவரது இடது கை தந்தியின் மேல் வண்ணத்துப்பூச்சி போல அதிரும்போது அந்த மணிக்கூடும் சேர்ந்தே அதிரும். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸின் வலது கையில் மண்டையோட்டு மோதிரம் ஒன்று பல தசாப்தங்களாக இருக்கிறது. பிளக் சபாத் குழுவின் ரோனி அயோமி கழுத்தில் அணிந்த சிலுவையோ அவரது தந்தையார் தமது கையாலேயே செய்து கொடுத்தது. அதைக் கழற்று என்று எவர் சொல்லத் துணிவார்?

எரிக் கிளப்ரனின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. 1970இல் வாங்கிய பழைய ஸ்ட்ரற்றோகாஸ்டர் கிற்றார்களுள் மூன்றின் பாகங்களைக் கழற்றிப் பூட்டி அவர் உருவாக்கிய ‘பிளக்கி’ என்ற கறுப்புக் கிற்றார், 2004இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 959,500 அமெரிக்க டொலருக்கு விலைபோனது. அவர் மணிக்கூடுகளைச் சேகரிப்பதிலும் ஆர்வமுள்ளவர். அவரிடமிருந்த பிளாட்டினத்தாலான பற்றெக் ஃபிலிப் மணிக்கூடு ஒன்று 2012 நவம்பரில் ஜெனீவாவில் அதே நிறுவனத்தின் ஏலத்தில் ஏறக்குறைய 36 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. அதாவது, அவர் புகழுக்குக் காரணமான கிற்றாரை விட அவர் நேரம் பார்த்த மணிக்கூட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் விலை. எது எதைக் கீறிவிடக் கூடாது என்று அந்த வீட்டில் கவலைப்பட்டிருப்பார்களோ தெரியாது.

கிற்றாரே நகை அணிந்த காலமும் உண்டு என்பதையும் மறக்கலாகாது. பழைய ஐரோப்பியக் கிற்றார்களில் தந்தமும் முத்துச்சிப்பியும் இழைத்தார்கள். அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1933இல் பாடகர் ஜீன் ஓட்றிக்காகச் செய்த டி-45 என்ற கிற்றாரின் விளிம்பெல்லாம் சிப்பி மினுங்கும். 1942 வரை அந்த வகையில் 91 மட்டுமே செய்தார்கள். கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோக மெட்டுகளை ‘நிக்கல் வெள்ளி’ என்கிறார்கள். அதில் வெள்ளி ஒரு துளியும் இல்லை. செம்பும் நாகமும் நிக்கலும் கலந்த கலவை அது. ஆகவே நிக்கல் ஒவ்வாமையினால் மலிவான மணிக்கூட்டைக் கட்ட முடியாதவர்களுக்குச் சில வேளைகளில் கிற்றார்த் தந்தியும் ஒத்துக்கொள்வதில்லை.

காயங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய ‘டிறிகர்’ என்ற கிற்றாரின் முகப்பலகையில், பல்லாண்டு கால வாசிப்பினால் இரண்டாவது ஓட்டை ஒன்றே விழுந்துவிட்டது. நைலோன் தந்திக் கிற்றார் என்பதால் அதற்குக் காப்புத் தகடு இல்லை. ஸ்பானியாவின் ஃபிளமெங்கோ கலைஞர்கள் பலகையில் விரலால் தட்டியும் வாசிப்பவர்கள். அதனால் அங்கே மெல்லிய தகடு ஒன்றை முன்கூட்டியே ஒட்டிவிடுவார்கள். அயர்லாந்தின் றோறி கலகரிடம் இருந்த 1961ஆம் ஆண்டு ஸ்ட்ரற்றோகாஸ்டரில் வர்ணம் பெரும்பாலும் உதிர்ந்து வெறும் மரம் தெரியும். அவரது வியர்வையின் வேலை அது. இடுப்புப் பட்டியின் கொளுக்கி கிற்றாரின் முதுகில் கீறும் கீறல்களுக்கென்றே அந்த உலகில் ஒரு தனிப் பெயர் உண்டு. எல்விஸ் பிரெஸ்லி 1950களின் நடுப்பகுதியில் தமது கிற்றாருக்குத் தோலால் ஒரு சட்டையே போட்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், 1995இலிருந்து ஃபெண்டர் நிறுவனம் புத்தம் புதிய கிற்றார்களைத் தானே கீறி, தேய்த்து, துருப்பிடிக்க வைத்து, பழையது போலாக்கி அதிக விலைக்கு விற்கிறது. வாங்குவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவர் வாழ்ந்து பெற்ற காயத்தை இன்னொருவர் பணம் கொடுத்து வாங்குகிறார். உண்மையான கீறலுக்கு ஒரு பெறுமதி உண்டு என்பதைச் சந்தையே ஒப்புக்கொண்டுவிட்டது.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எனது தங்கையின் கணவர், அதாவது எனது மச்சான், 1986இல் கொழும்புக்கு வந்தபோது ஒரு கிற்றாரை வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினார். விலை உயர்ந்த கிற்றார் அல்ல. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் 1970களில் தமிழ்ப் பொப் இசையைக் கொடிகட்டிப் பறக்கவிட்ட நாடு இது. போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற பைலாவும் கிளாரன்ஸ் விஜேவர்தன கொண்டுவந்த மின்சாரக் கிற்றாரும் வானொலி வழியே எல்லா வீடுகளிலும் நுழைந்திருந்தன. மச்சான் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க நண்பர் ஒருவரிடம், தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்தவரிடம், வாசிக்கப் பழகினார். மாலையில் வேலியோரத்தில் இருவரும் இருந்து வாசிப்பார்கள்.

மச்சானிடம் உருக்குப் பட்டியுடன் கூடிய சீக்கோ மணிக்கூடு ஒன்று இருந்தது. மத்திய கிழக்கில் வேலை செய்த தமையன் அனுப்பியது. முதலில் எல்லோரையும் போல இடது கையில்தான் கட்டினார். பார் பிடிக்கும்போது கொளுக்கி குத்துகிறது என்று வலது கைக்கு மாற்றினார். அந்த மாற்றத்தின் பலன் ஒரு வருடத்திலேயே கிற்றாரில் தெரிந்தது. முன்கை சாயும் விளிம்பில், பெருவிரல் அகலத்துக்கு, மெருகு போய்ப் பல கீறல்கள். நண்பர் பல தடவைகள் சொல்லியும் அவர் கழற்றவில்லை. “மணிக்கூடு இல்லாட்டி ஊரடங்கு தொடங்குற நேரம் எப்பிடித் தெரியும்?” என்பார். அக்காலத்தில் அது பகிடியுமல்ல.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. சில இலட்சம் மக்கள் ஒரே இரவில் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குப் போனார்கள். அந்த இரவைப் பற்றி எழுதியவர்கள் பலர். நான் இங்கு சொல்ல விரும்புவது மூன்று பொருட்களைப் பற்றி மாத்திரமே. அம்மா தமது இரண்டு தங்கக் காப்புகளைச் சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தார். மச்சானின் கையில் மணிக்கூடு இருந்தது. அவரது சைக்கிளில் அரிசிப் பைக்கும் பாய்ச் சுருளுக்கும் மேலே அந்தக் கிற்றார், சீலையால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. “உயிர் போற நேரத்திலை உனக்கு உது ஒரு கேடோ?” என்று வழியில் ஒரு பெரியவர் கேட்டாராம்.

தென்மராட்சியில் மணிக்கூடு விற்கப்பட்டது. அரிசிக்கும் ஒரு சைக்கிள் ரயருக்கும் அது போதுமானதாக இருந்தது. கிற்றாரை வாங்க எவரும் இல்லாததால் அது தப்பியது. காப்புகளை விற்க அம்மா விடவில்லை. அப்பா அப்போது உயிருடன் இருந்தார். “அவர் இருக்குமட்டும் எனக்கு இது வேணும்” என்பது அம்மாவின் ஒரே பதில்.

அப்பா 2001இல் காலமானார். அன்று அம்மா காப்புகளைக் கழற்றினார், பிறகு அணியவேயில்லை. 2008இல் மச்சான் நோயினால் இறந்தார். தங்கைக்கு அப்போது முப்பத்தாறு வயது. காப்பைக் கழற்றத் தேவையில்லை என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். அவள் கேட்கவில்லை. அவர்களுடைய மகளுக்கு, எனது மருமகளுக்கு, அப்போது மூன்று வயது. சில வருடங்களின் பின் சாமத்திய வீட்டன்று அம்மா அந்த இரண்டு காப்புகளையும் எடுத்துப் பேத்தியின் இரண்டு கைகளிலும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவை அவள் கையில் இருக்கின்றன.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த மாதங்களில் மருமகள் தகப்பனின் கிற்றாரை எடுத்தாள். புதிய தந்தி போட்டு, வெள்ளவத்தைப் பக்கத்தில் ஒருவரிடம் பழகப் போனாள். நல்ல ஆசிரியர், கண்டிப்பானவர். முதல் நாளே ஒரு விதியைச் சொன்னார். மணிக்கூடு, மோதிரம், காப்பு, இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் வாசலில் உள்ள தட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் கிற்றாரைத் தொட வேண்டும். விதியில் பிழை சொல்வதற்கில்லை. ஏன் என்பதை மேலே விளக்கிவிட்டேன்.

மருமகள் வெறுங்கையுடன் வீட்டுக்கு வந்து, காப்புகளைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தபோது அம்மா கண்டார்.

“ஏன் பிள்ளை கையைக் கழுவின மாதிரி வைச்சிருக்கிறாய்?”

“வகுப்பிலை கழட்டச் சொன்னவை அம்மம்மா. கிற்றாரிலை பட்டால் கீறிப்போடும்.”

“கீறினால் கீறட்டும். கொப்பா கீறாத கீறலே?”

அதன் பின் அம்மா பேசவில்லை. மருமகளும் விடவில்லை. அவளுக்கு இது மூட நம்பிக்கை. வாத்தியத்துக்கு மரியாதை கொடுக்க வேண்டும் என்பது அவளது நியாயம். கிழமையில் இரண்டு நாட்கள் அவள் காப்பைக் கழற்றுவதும், அந்த இரண்டு நாட்களும் அம்மா இராச் சாப்பாட்டை அரைகுறையாக விடுவதுமாக மூன்று வாரங்கள் போயின.

இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தேன். செய்தியாளனுக்கு இரண்டு பக்கமும் கேட்பது தொழில். அம்மாவிடம் கேட்டபோது அவர் சாத்திரம் ஒன்றும் சொல்லவில்லை. “இந்த வீட்டிலை ரண்டு வெறுங்கை காணாதோ தம்பி?” என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் கேட்க என்னிடம் கேள்வி இருக்கவில்லை.

‘வெறுங்கை’ என்ற சொல் கிற்றார் ஆசிரியருக்கு ஒழுக்கத்தைக் குறிக்கிறது. எங்கள் தாய்மாருக்கு அதே சொல் இழப்பைக் குறிக்கிறது. விதவையானால் கை வெறுமையாக வேண்டும் என்று எங்கள் சமூகம் அவர்களுக்கு விதித்தது அநீதி என்றே நான் கருதுகிறேன். அதைப் பத்திரிகையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அநீதியை அனுபவித்த ஒரு பெண், பேத்தியின் வெறுங்கையைக் கண்டு அஞ்சுகிறாள் என்றால் அந்த அச்சத்தை மூட நம்பிக்கை என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட என்னால் முடியவில்லை. காப்பு என்ற சொல்லுக்கே காவல் என்றுதானே பொருள்.

மருமகளிடம் அம்மாவின் கேள்வியை அப்படியே சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போனாள். அடுத்த நாள் ஆசிரியரிடம் அவளே பேசியிருக்கிறாள். அவர் தமது அலுமாரியிலிருந்து ஒரு நீளக் காலுறையை எடுத்துக் காட்டினாராம். பாதப் பகுதி வெட்டப்பட்ட காலுறை. சாஸ்திரிய கிற்றார் வாசிப்பவர்கள் பலர், வெறும் முன்கை வியர்த்து பிரெஞ்சு பொலிஷைக் கெடுக்காமலிருக்க, இப்படியொன்றை வலது கையில் அணிந்துகொள்வதுண்டு. “உலோகம் மரத்திலை படக் கூடாது. சத்தமும் வரக் கூடாது. மற்றது உங்கடை வீட்டு விசயம்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. காலுறையைக் கண்டதும் முகத்தைச் சுழித்தார். காலில் போடுவதைக் காப்புக்கு மேல் போடுவதா? தமது பழைய பருத்திச் சேலை ஒன்றின் தலைப்பை வெட்டி, இரண்டு மடிப்பாக்கி, இரு முனையிலும் இலாஸ்டிக் வைத்து, இரண்டு நாட்கள் இருந்து கையாலேயே தைத்தார். வலது கையின் காப்பை முன்கையின் நடுப்பகுதிக்கு ஏற்றி அதன் மேல் அந்தத் துணியைப் போட்டால் காப்பு அசையாது, ஒலியும் எழுப்பாது. இடது கைக் காப்பு ஒற்றையாக, தானாகவே முழங்கைப் பக்கம் சரிந்து நிற்கிறது. ஆசிரியர் கிற்றாரை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

ஆசிரியர் வேறொன்றும் சொல்லியிருந்தார். விளிம்பில் உள்ள பழைய கீறல்களை மினுக்கி, மெருகேற்றித் தரக்கூடிய ஒருவரைத் தமக்குத் தெரியும் என்றார். நல்ல மனதுடன் சொன்னதுதான். பெரும்பாலும் எதற்கும் அபிப்பிராயம் சொல்லாத என் தங்கை அன்று சொன்னாள்: “அதிலை கை வைக்க வேண்டாம்.” மணிக்கூடு போய்விட்டது. அதைக் கட்டியவரும் போய்விட்டார். அவர் வலது கையில் மணிக்கூடு கட்டியிருந்தார் என்பதற்கு அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்தக் கீறல்கள்தான். மச்சானின் புகைப்படங்கள் சிலவற்றையும் இடப்பெயர்வு கொண்டுபோய்விட்டது. மிஞ்சியவற்றில் அவரது கை தெரியவில்லை.

ஆகவே இந்த விவாதத்தில் எனது தீர்ப்பு என்னவென்று கேட்டால், இரண்டு பக்கமும் சரி என்று சொல்லித் தப்பிக்கொள்ள மாட்டேன். புதிதாகப் பழகுபவர்கள் கழற்றத்தான் வேண்டும். மணிக்கூட்டை இரண்டு கையிலிருந்தும் கழற்றுங்கள். சுட்டுவிரல் மோதிரத்தைக் கட்டாயம் கழற்றுங்கள். பார் பிடிக்கும்போது அது உங்களுக்கும் தந்திக்கும் இடையே வந்து நிற்கும். நீளமான சங்கிலியைச் சட்டைக்குள் விடுங்கள். தாலிக்கொடி அணிந்த சகோதரிகள் அதைச் சட்டைக்குள் ஊசியால் குத்திக்கொண்டால் கிற்றாரின் முதுகும் பிழைக்கும், கொடியும் நெளியாது. இடுப்புப் பட்டியின் கொளுக்கியைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிடுங்கள். வாசித்து முடிந்ததும் தந்திகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். பிறருடைய கிற்றாரைக் கையில் எடுக்கும்போது இவற்றில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் கிற்றாரைக் கீறும் உரிமை உங்களுக்கு உண்டு, அடுத்தவருடையதை அல்ல.

கழற்ற முடியாத ஒன்று ஒருவரது கையில் இருந்தால், அதைக் கழற்று என்று கட்டளையிடுமுன் அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெரும்பாலான சமயங்களில் ஒரு முழத் துணியே போதுமானதாக இருக்கும்.

மருமகள் இப்போது பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாசிக்கிறாள். பார் பிடிப்பது இன்னும் முழுமையாகக் கைகூடவில்லை. அம்மாவின் சேலைத் துணி போர்த்திய அவளது முன்கை, தகப்பனின் மணிக்கூடு தேய்த்த அதே இடத்தில்தான் சாய்கிறது. அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்து கேட்கிறார். பாட்டு அவருக்கு விளங்குவதில்லை. முடிந்ததும் துணியைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு, காப்பை மணிக்கட்டுக்கு இறக்கிவிடுகிறார்.